ஊரை ஒருவழி பண்ணியவர்

மனிதர்களில் போக்குவரத்து யோசனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் அவரைத் தாண்டிப் போயிருக்கவே முடியாது, ஏனென்றால் அவர் நடுத்தெருவில் நின்றுகொண்டிருப்பார். தெருவில் நெரிசல் ஏன் உண்டாகிறது, அதை எப்படி ஒழிப்பது என்பதை யாராவது ஓர் அப்பாவிக்கு விளக்கியபடி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒரு கையில் ராஜபாளையம் ரோட்டையும் மறு கையில் திருநெல்வேலி ரோட்டையும் தாங்கிக்கொண்டு நிற்பார். பின்னால் பருத்தி ஏற்றிய மாட்டுவண்டி நிற்கும். அதற்குப் பின்னால் லாரி நிற்கும். லாரிக்குப் பின்னால் டவுன் பஸ் நின்று ஹாரன் அடிக்கும். "பாத்தியளா, பாத்தியளா! இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்லுதேன்" என்று அவர் அந்த பஸ்ஸையே சாட்சிக்குக் கூப்பிடுவார்.

உங்களுக்கும் எனக்கும் ரோடு என்பது வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழி. அவருக்கு அது ஒரு நோயாளி. மருந்து அவருடைய சட்டைப்பையில், நாலாக மடித்த முழுத்தாளில் இருக்கிறது. "ரொம்ப சிம்பிளான விசயம்" என்று பேச்சை ஆரம்பிப்பார். முக்கால் மணி நேரம் கழித்து, "இன்னும் விசயத்துக்கே வரல" என்பார். ஓட்டலில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்தாரானால் போச்சு. உங்கள் தண்ணீர் டம்ளர் கோபுரமாகிவிடும். சாம்பாரில் விரலைத் தொட்டு அதைச் சுற்றி நாலு ரதவீதியையும் இழுப்பார். உங்கள் இட்லி இரண்டும் டவுன் பஸ்கள். உங்கள் உளுந்த வடை பாரம் ஏற்றிய லாரி. பட்டப்பகலில் லாரியை ஊருக்குள் விடவே கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே அதை எடுத்து அவரே தின்றுவிடுவார்.

சங்கரன்கோவிலில், எண்பத்திரண்டாம் வருஷத்தில், இந்த இனத்துக்குக் குருநாதன் என்று பெயர். நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை. வயது ஐம்பத்துமூன்று. தெற்கு ரதவீதியில் சொந்த வீடு, பார்வதியம்மாள் என்று பொறுமையான மனைவி, கோமதித்தாய் என்று பொறுமை குறைந்த ஒரே மகள். அதுவரை அவர் எழுதிய மனுக்கள் இருபத்துமூன்று. மாட்டுவண்டிகள் ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் ஊருக்குள் வரலாம். ஆட்டு மந்தைகளை இரண்டு இரண்டாக வரிசை பிடித்துப் போகப் பழக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் மேளக்காரர்கள் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், நின்று வாசிக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், அல்லது ஊரை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். யோசனைகள் பலவிதமாக இருந்தாலும் ஒன்று மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. எதிலும் ஒதுங்க வேண்டியவர் வேறு யாரோதான்.

அவருடைய சைக்கிளைத் தூரத்தில் கண்டதுமே ஆட்கள் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். அதனால் ரதவீதியில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் செய்த காரியங்களில் பலன் கொடுத்தது அது ஒன்றுதான்.

இருபத்துநாலாவது மனு, ஒருவழிப் பாதை. கோயிலைச் சுற்றியுள்ள நாலு ரதவீதிகளிலும் எல்லா வண்டிகளும் வலமாக மட்டுமே போக வேண்டும், எதிர்த்து வரக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் மோசமான யோசனை அல்ல. இந்த ஊர்க்காரன் பிறந்ததிலிருந்தே கோயிலை வலம்தான் வருகிறான். ஆடி மாதம் வந்தால் நூற்றெட்டுச் சுற்று, ஐந்நூற்றொரு சுற்று என்று ஓட்டமும் நடையுமாகச் சுற்றுகிறான். அவனைச் சைக்கிளில் ஏற்றி அதே பக்கம் போகச் சொன்னால் போய்விட்டுப் போகிறான். ஆடித்தபசுக் கூட்டத்தில் நசுங்கி வந்திருந்த ஓர் அதிகாரிக்கும் இது சரியாகப் பட்டது. அல்லது, கையெழுத்துப் போட்டால் இந்த மனிதர் எழுந்து போவார் என்று பட்டது. ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார். போர்டு வைக்கிற பொறுப்பு குருநாதனுடையது. "வலமாகச் செல்லவும்" என்று மைக் கட்டி ஊருக்கு அறிவிக்கிற பொறுப்பும் அவருடையதே.

போர்டு எழுதப் பொன்னுச்சாமி என்ற பெயின்டரைப் பிடித்தார். சன்னதித் தெரு வந்து கீழ ரதவீதியில் முட்டுகிற முனையில்தான் போர்டு நிற்க வேண்டும். சன்னதித் தெருவில் வருகிறவனுக்கு எதிரே கோபுரம். அங்கிருந்து அவன் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் போர்டுதான் சொல்ல வேண்டும். குருநாதன் பொன்னுச்சாமியை அந்த முனைக்கே கூட்டிக்கொண்டு போய், கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து, சபையைப் பார்த்து நிற்கிற தோரணையில் நின்றார். அவருக்கு வேறு விதமாக நிற்கத் தெரியாது.

"பொன்னுச்சாமி, ரொம்ப சிம்பிளான விசயம். வண்டியெல்லாம் இப்படிப் போகணும்" என்று வலது கையைத் தெற்கே நீட்டினார்.

"வலதுகைப் பக்கமா, அண்ணாச்சி?"

"வலது கையேதான். வலம் வாறதுன்னா பின்ன என்னவே?"

பொன்னுச்சாமி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பீடிக்கட்டின் மேல் 'வலது' என்று குறித்துக்கொண்டான். அவன் கண்ணியமான தொழிலாளி. சொன்னதை எழுதுவான்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்பவருக்குத் தெற்கு வலது கைப்பக்கம். கோபுரத்தைப் பார்த்து வருகிறவனுக்கோ அதே தெற்கு இடது கைப்பக்கம். கோயிலை வலம் வர வேண்டுமானால் சன்னதியில் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். இது இந்த ஊரில் நடக்கப் பழகிய எந்தக் குழந்தையின் காலுக்கும் தெரியும். குருநாதனின் காலுக்கும் தெரியும். ஆனால் அவர் பல வருஷமாகக் காலோடு கலந்து யோசிப்பதில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு காரியம் கூடி வந்தது. கோமதித்தாய்க்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதலாவது ஜாதகத்தால். இரண்டாவது குருநாதனால். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமனை அவர் வாசலிலேயே நிறுத்தி, அவர்கள் வந்த வழி ஏன் தப்பான வழி என்பதை ஒன்றரை மணி நேரம் விளக்கியதில், உள்ளே இராகுகாலம் பிறந்துவிட்டது. வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். கோமதித்தாய் கட்டியிருந்த பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் தெருவில் எதிர்ப்பட்ட யாரிடமும் குருநாதன் வாய் திறக்கவில்லை. மனுஷனுக்கு மகள் என்றால் உயிர்.

இப்போது மூன்றாவதாக வாசுதேவநல்லூரிலிருந்து நல்ல இடம். மாப்பிள்ளை சங்கரசுப்பு, விவசாய ஆபீசில் வேலை. பையனை ஒரு கல்யாண வீட்டில் கோமதித்தாய் பார்த்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய சம்மதம். வருகிற வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு இராகுகாலம் பிறப்பதற்குள் வந்து பார்த்து வெற்றிலை மாற்றிவிடுவதாகத் தரகர் வந்து சொன்னார்.

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்குத்தான வெள்ளோட்டம்!" என்றார் குருநாதன்.

பார்வதியம்மாள் அவரைப் பார்த்தாள். "ஏங்க, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். அன்னைக்கு ஒரு நாள் ரோட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. வந்தவுகளை வாங்கன்னு சொல்லுங்க, உக்காருங்கன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"நான் எதுக்குப் பேசுதேன்? காலையில ஒரு எட்டு முனைக்குப் போயி போர்டு நிக்குதான்னு பாத்துட்டு, பத்தே நிமிசத்துல வந்திருவேன்."

பத்தே நிமிஷம் என்று இந்த இனம் சொல்லும்போது நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கியும் எழுந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு அவர் முனையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். போர்டு பளபளவென்று நின்றது: 'ஒருவழிப் பாதை', அதன் கீழே முழங்கை நீளத்துக்கு வலது பக்கம் ஓர் அம்பு. குருநாதன் அழகு பார்த்தார். எழுத்தைப் பார்த்தார், எழுத்துப்பிழை இல்லை. அம்பைப் பார்த்தார், வலது பக்கம்தான் போயிற்று. பிறகு வழக்கம்போலக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அன்றைக்குத் தான் கை நீட்டியது தெற்கே என்பதையே மறந்து, தடுப்புக்கு வேறொன்றும் கிடைக்காததால், அம்புக்கு எதிராகத் தெற்குப் பக்கம் யாரும் திரும்பிவிடாதபடி தன் சைக்கிளை அங்கே குறுக்காக நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

அப்புறம் நடந்தது சுலபமான விஷயம். சன்னதித் தெருவில் வந்த வண்டிகள் அம்பைப் பார்த்து வலது பக்கம் திரும்பி வடக்கே போயின. முதல் நாள் மைக்கில் கேட்டவர்கள், கேட்காமலே தெரிந்தவர்கள், மேற்கேயிருந்து வந்தவர்கள் எல்லோரும் முறைப்படி வலமாக வடக்கு ரதவீதி வழியே வந்தார்கள். இரண்டு தரப்பும் வடகிழக்கு மூலையில் சந்தித்துக்கொண்டன. இரண்டு தரப்புமே ஒருவழிப் பாதையில் ஒழுங்காக வந்தவர்கள். ஒழுங்காக வந்தவன் எதற்குப் பின்வாங்குவான்? பருத்தி வண்டியும் லாரியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்பதரைக்கெல்லாம் வால் நீண்டு சன்னதி முனைக்கு வந்துவிட்டது. முப்பது வண்டி, இரண்டு பஸ், ஒரு மந்தை ஆடு.

"ஒருவழிப் பாதை போடுதேன்னு சொல்லி இந்த அண்ணாச்சி ஊரையே ஒருவழி பண்ணிட்டாரேவே!" என்று வண்டிக்காரர் ஒருவர் நுகத்தடியில் ஏறி நின்று கத்தினார். குருநாதன் விசிலை ஊதினார். திட்டத்தில் கோளாறு இல்லை, ஜனங்களுக்குப் பழக்கம் போதவில்லை என்பதுதான் அவர் கட்சி. திட்டம் தோற்கும்போதெல்லாம் இந்த இனம் ஜனங்களை மாற்றச் சொல்லும்.

பத்து மணிக்கு ஓர் அம்பாசிடர் கார், சன்னதித் தெருவில் எப்படியோ நுழைந்து ஊர்ந்து வந்து, கோபுரத்துக்கு எதிரே நின்றது. உள்ளே பட்டுச்சேலையில் ஓர் அம்மாள், கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாயே திறக்காத ஒரு பெரியவர். முன்னால் ஓர் இளைஞன். குருநாதன் விசிலடித்து வடக்கே கையைக் காட்டினார். டிரைவர் அசையவில்லை.

"ஏன் நிக்கிய? அம்பு போட்டிருக்குல்லா?"

"அண்ணாச்சி, என் பேரு அப்துல் மஜீது, கடையநல்லூரு" என்றார் டிரைவர் சாவகாசமாக. "பதினஞ்சு வருசமா நல்ல காரியத்துக்கு வண்டி ஓட்டுதேன். இந்த ஊருல கோயிலுக்கு இடஞ்சுத்தி ஒரு நாளும் ஓட்டுனதில்ல. எனக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலியா?"

அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "இடஞ்சுத்திப் பொணத்தைக் கொண்டு போவாக. நாங்க என்ன பொணமா?"

குருநாதன் ஜன்னலில் கையை ஊன்றினார். ஓர் அடி தள்ளியே நின்றிருந்தால் பிழைத்திருப்பார்.

"ஏம்மா, பாத்தா நாலு எழுத்துப் படிச்ச குடும்பமாத் தெரியுது. ஒங்களை மாதிரி ஆளுகளே சட்டத்தை மதிக்கலன்னா நாடு எப்படி உருப்படும்? ரொம்ப சிம்பிளான விசயம். நான் விளக்குதேன்…" என்று ஆரம்பித்து, முழுத்தாளை எடுத்து அம்பாசிடரின் பானெட்டில் விரித்து, ராஜபாளையம் ரோட்டிலிருந்து புறப்பட்டு, பஸ் ஸ்டாண்டைக் கடந்து, மாட்டுவண்டிகளுக்கு வந்தபோது அந்த அம்மாள் குறுக்கிட்டாள்.

"அண்ணாச்சி, வெளக்கம் பொறவு சொல்லலாம். பத்தரைக்குள்ள தெற்கு ரதவீதிக்குப் போகணும். குருநாதன்னு ஒருத்தரு, சங்கத்துல எழுத்தரு. அவரு மகளைப் பாக்க வாசுதேவநல்லூர்லருந்து வாரோம். வீடு எங்கனன்னு தெரியுமா?"

தெரியும். அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து இருநூறு அடி போய்த் திரும்பினால் வலது கைப்பக்கம் நாலாவது வீடு.

மணி பத்து பன்னிரண்டு. குருநாதன் பானெட்டிலிருந்து முழுத்தாளை அவசரமாகச் சுருட்டிக்கொண்டார். "மதினி…" என்றார். முத்துமாரியம்மாள், அதுதான் மாப்பிள்ளையின் தாயாரான அந்த அம்மாளின் பெயர், அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். கழுத்தில் தொங்கிய விசிலைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

அப்போதுதான் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பி, தெருவில் வருகிறவன் பார்க்கிறபடி போர்டையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொன்னுச்சாமி, தன்மேல் பழி வருவதற்குள் பீடிக்கட்டை உயர்த்திக் காட்டினான். "அண்ணாச்சி, நீங்க சொன்னதைத்தான் எழுதுனேன். இந்தா, குறிச்சு வச்சிருக்கேன்."

இப்போது நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இராகுகாலத்துக்குப் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது. வடக்கே தேர்க்கூட்டம் மாதிரி அடைத்துக் கிடக்கிறது. தெற்கே தெரு துடைத்து வைத்தாற்போலக் காலி. காருக்கும் அந்தக் காலித் தெருவுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு சைக்கிள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? குருநாதன் விளக்க ஆரம்பித்தார்.

"இதுல போர்டும் தப்பில்ல, மதினி. வலதுன்னா யாருக்கு வலதுங்கிறதுதான் பிரச்சினை. சாமிக்கு வலது தெற்கு. நமக்கு…"

உள்ளுக்குள் அவருக்குத் தெரியாமல் இல்லை. சைக்கிளை எடுத்தால் திட்டம் போச்சு. முப்பது வண்டிக்காரர்களுக்கு முன்னால், நெரிசலைப் பார்க்க வந்து நின்ற போலீஸ்காரர் முன்னால், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இருபத்துநாலு மனுவும் அதோடு சிரிப்பாய்ச் சிரிக்கும். கை சைக்கிள் பக்கம் போகிறது, வாய் திரும்பவும் அதைப் பிடித்து இழுக்கிறது. பத்து இருபது ஆயிற்று.

"யப்பா."

கோமதித்தாய் தெற்கேயிருந்து நடந்தே வந்திருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தாள் பார்வதியம்மாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணே தெருவில் வந்து நிற்பது இந்த ஊரில் நடக்காத காரியம். ஆட்டு மந்தைகூட ஒரு நிமிஷம் சத்தத்தை நிறுத்தியது.

"சைக்கிளை எடுங்கப்பா."

"இரு மக்கா, இவுகளுக்கு ஒரே ஒரு நிமிசம் வெளக்கிட்டு…"

"யப்பா, இது மூணாவது எடம்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வார்த்தையில் லேசாக உடைந்தது. குருநாதன் மகளின் முகத்தைப் பார்த்தார், மடித்து வைத்த பட்டுச்சேலை அவருக்கு நினைவு வந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஸ்டாண்டைத் தட்டினார். சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோடு சாத்தினார். தானும் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"போர்டு தப்பு! நான் சொன்னதுதான் தப்பு! எல்லாரும் இடது பக்கம் திரும்புங்க!"

அந்த மனிதர் ஒதுங்கி நின்றதை சங்கரன்கோவில் அன்றுதான் பார்த்தது. அம்பாசிடர் ஒரு திருப்புத் திருப்பித் தெற்கே ஓடியது. பொன்னுச்சாமி போர்டின் ஆணியைக் கழற்றி அப்படியே தலைகீழாகத் திருப்பி அடித்தான். எழுத்தெல்லாம் தலைகீழாகிவிட்டது, அம்பு நேராகிவிட்டது. எழுத்தை யார் படித்தார்கள்? வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, திரும்பி, வலமாகப் போக ஆரம்பித்தன. பதினொரு மணிக்குள் ரதவீதி நாலும் அமைதியாகிவிட்டது. ஆம், திட்டம் நல்ல திட்டம்தான். அவர் ஒதுங்கியதும் அது வேலை செய்தது.

வீட்டில், பத்து இருபத்தாறுக்கு வெற்றிலைத் தட்டு மாறியது. முத்துமாரியம்மாள் கோமதித்தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "பொண்ணு பாட்டுப் பாடுமா, சமைக்குமான்னு நான் கேக்கல. இந்த மனுசனையே வழிக்குக் கொண்டுவந்த புள்ள, எங்க வீட்டுல எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்திரும். ஆனா ஒண்ணு அண்ணே, கலியாணத்தன்னைக்கு எங்க வண்டிக்கு வழி சொல்லுததுக்கு நீங்க வரப்புடாது."

எல்லோரும் சிரித்தார்கள். கோமதித்தாய்கூட. குருநாதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "இனிமே ரோட்டைப் பத்தி மூச்சு விட மாட்டேன் மதினி" என்றார். அந்த நிமிஷத்தில் அவர் அதை மனதாரத்தான் சொன்னார். பார்வதியம்மாளின் கண் கலங்கியதை நானே சாட்சி சொல்லுவேன்.

அதுவரை வாயே திறக்காமல் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா துரைப்பாண்டி, பெண்கள் எழுந்து உள்ளே போகிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை வெளியே எடுத்தார்.

"சம்பந்தி, எங்க வாசுதேவநல்லூர் பஸ் நிக்கிற எடத்துல ஒரு நெருக்கடி. ரொம்ப சிம்பிளான விசயம்தான்…"

அப்புறம் அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி நாலரை.

ஆக, இந்த இனம் அழியாது. சம்பந்தம் செய்து பெருகுகிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். உங்கள் தெருவிலும் இருக்கும். நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டப் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நடுவில், வடகிழக்கு மூலையில் லாரியும் பருத்தி வண்டியும் முட்டி நின்ற இடத்தில், 'முதலில் அந்த லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்லியிருக்கலாமே' என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். தோன்றியதோடு விட்டீர்களா, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டீர்களா?